அயர்லாந்து மூதாதையரைத் தேடுவோருக்கு: பழைய கையெழுத்துப் பதிவேடுகளைப் படிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் பழைய பதிவேடுகள் எல்லாம் எரிந்துவிட்டன என்கிறார்களே, தேடுவதற்கு என்னதான் மிஞ்சியிருக்கிறது?

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. உள்நாட்டுப் போர் தொடங்கிய வேளையில், 1922 ஜூன் 30 அன்று, டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் வீட்டுப் படிவங்கள் சில துண்டுகள் நீங்கலாக அன்று அழிந்தன. பல நூற்றாண்டுகளின் உயில்களும், அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த சர்ச் ஆஃப் அயர்லாந்து (ஆங்கிலிக்கத் திருச்சபை) பதிவேடுகளும் அவற்றோடு போயின. ஆனால் எல்லாப் பழியையும் அந்தத் தீயின்மேல் போடுவது நியாயமாகாது. 1861, 1871 ஆண்டுகளின் படிவங்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஆண்டுகளின் படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன.

தப்பியவையும் குறைவல்ல. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக உள்ளன. கத்தோலிக்கப் பங்குப் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) பதிவேடுகள் காப்பகத்துக்கு அனுப்பப்படாமல் அந்தந்தப் பங்குகளிலேயே கிடந்ததால் பிழைத்தன. அவற்றின் மைக்ரோஃபிலிம் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலையில் இலவசமாக இணையத்தில் வெளியிட்டது, பெரும்பாலானவை 1880 வரையிலானவை. அரசுப் பதிவு, கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்களுக்கு 1845 ஏப்ரலிலும், பிறப்பு, இறப்பு மற்றும் அனைவரின் திருமணங்களுக்கும் 1864 ஜனவரியிலும் தொடங்கியது. இவை தவிர நில வரி, நில மதிப்பீடு சார்ந்த ஏடுகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி கையெழுத்தில் இருப்பதுதான் நம் சிக்கல்.

இணையத்தில் தட்டச்சு செய்த பெயர் அட்டவணைகள் இருக்கும்போது மூலக் கையெழுத்தை ஏன் படிக்க வேண்டும்?

அட்டவணையைத் தயாரித்தவர் ஆயிரக்கணக்கான பக்கங்களை, பெரும்பாலும் அந்த ஊரை அறியாமலேயே, விரைந்து படித்தவர். அவர் தவறாகப் படித்த ஒரு முதலெழுத்து உங்கள் கொள்ளுப்பாட்டனைத் தேடலுக்கு அகப்படாமல் செய்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு: ஓரக் குறிப்புகள், சாட்சிகளின் பெயர்கள், அடித்துத் திருத்திய இடங்கள், அடுத்த வரியில் இருக்கும் பக்கத்து வீட்டார் ஆகியவை பல அட்டவணைகளில் இடம்பெறுவதே இல்லை. அட்டவணை எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்லும். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு பக்கத்தைத் திறந்ததும் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

தேடும் பெயரிலிருந்து தொடங்காமல் இருப்பது நல்லது. மனத்தில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு மங்கலான ஒரு கிறுக்கலைப் பார்த்தால், கண் அந்தப் பெயரையே அங்கே கண்டுவிடும். முதலில் எழுதியவரின் கையைப் பழக வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும்: மாதப் பெயர்கள், பங்கின் பெயர், பாட்ரிக், மேரி, ஜான் போன்று திரும்பத் திரும்ப வரும் பெயர்கள், பங்குத்தந்தையின் கையொப்பம். மேரியிலிருந்து அவருடைய பெரிய எம் எழுத்தும், பாட்ரிக்கிலிருந்து அவருடைய பி, கே எழுத்துகளும் கிடைக்கும். இப்படிச் சேர்த்த வடிவங்களை ஒரு தாளில் வரைந்து, அந்த எழுத்தருக்கே உரிய அரிச்சுவடி ஒன்றைத் தயாரித்துக்கொண்டு, அதன்பிறகு ஐயத்துக்குரிய சொல்லுக்கு வருவதே பாதுகாப்பான முறை.

தேடும் பதிவுக்கு முன்னும் பின்னும் சில பக்கங்களைப் புரட்டிப் படிப்பது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றலாம். ஆனால் அதே குடும்பப்பெயர் இன்னொரு பக்கத்தில், மை நன்றாக இறங்கிய ஒரு நாளில், தெளிவாக எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. புதிய பங்குத்தந்தை பொறுப்பேற்றதும் கையெழுத்து சட்டென்று மாறும். அப்போது பழைய அரிச்சுவடியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று தயாரிக்க வேண்டும்.

எந்த எழுத்துகள் அதிகம் ஏமாற்றுகின்றன?

முதலிடம் நீண்ட எஸ் எழுத்துக்கு. இரட்டை எஸ் வரும் இடத்தில் முதல் எஸ்ஸை மேலும் கீழும் நீட்டி எழுதும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சிலரிடம் நீடித்தது. அது எஃப் போலவோ, இரண்டும் சேர்ந்து பி போலவோ தெரியும். ராஸ், கிராஸ், ஹென்னெஸி போன்ற பெயர்கள் அட்டவணைகளில் விநோத வடிவம் பெற்றிருப்பதற்கு இதுவே வழக்கமான காரணம்.

அடுத்தவை சிறு செங்குத்துக் கோடுகளால் ஆன எழுத்துகள். ஐ, என், எம், யு, டபிள்யூ எல்லாம் அவசரக் கையில் ஒரே மாதிரியான கோடுகளாகிவிடும். குவின் என்ற பெயரில் கியூவுக்குப் பிறகு வருபவை ஏழு கோடுகள் மட்டுமே. ஐ எழுத்தின் புள்ளி எங்கேயோ காற்றில் மிதக்கும். இத்தகைய சொற்களில் எழுத்தை ஊகிப்பதற்கு முன் கோடுகளை எண்ணிப் பார்ப்பது பலன் தரும்.

பெரிய எழுத்துகளில் எல்லும் எஸ்ஸும், டியும் எஃப்பும், ஹெச்சும் கேயும் ஒன்றாகத் தெரிவதுண்டு. ஐ எழுத்தையும் ஜே எழுத்தையும் வேறுபடுத்தாமலே எழுதியவர்கள் பலர். மேற்பகுதி மூடாத ஏ, யு போலத் தோன்றும். பார்ன்ஸும் பர்ன்ஸும் இப்படித்தான் குழம்புகின்றன. எண்களில் ஒன்றும் ஏழும், நான்கும் ஒன்பதும், மூன்றும் ஐந்தும் சந்தேகத்துக்குரியவை. 17ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்குப் போனால் நிலைமை வேறு: அக்காலத்து அலுவலக எழுத்துமுறையில் ஈ, ஹெச், ஆர் போன்றவற்றின் வடிவமே மாறிவிடுகிறது, ஆகவே அதைத் தனியாகப் பயின்றபிறகு தொடுவது நல்லது.

பெயர்களின் மேல் பொடியாக எழுதியிருக்கும் எழுத்துகள் என்ன? தேதிகளில் எண்ணும் எழுத்தும் கலந்து வருவது ஏன்?

காகிதமும் நேரமும் மிச்சப்படுத்தும் சுருக்கங்கள் அவை. சொல்லின் தொடக்கத்தை எழுதி, கடைசி ஓரிரு எழுத்துகளைச் சற்று உயர்த்திச் சிறிதாகப் போடுவார்கள். டபிள்யூவும் உயர்த்திய எம்மும் வில்லியம். ஜே, ஏ, எஸ் ஜேம்ஸ். ஜே, என், ஓ ஜான். டி, ஹெச் எழுதி மேலே ஓ, எஸ் போட்டால் தாமஸ். மேல்வரியில் உள்ளதே இங்கும் என்பதற்கு டி, ஓ என்ற இரண்டெழுத்து வரும். இதையே ஒருவரின் பெயராகப் படித்தவர்களும் உண்டு.

தேதியில் ஏழு என்ற எண்ணுடன் பி, ஈ, ஆர் எழுத்துகள் சேர்ந்திருந்தால் அது செப்டம்பர்; ஜூலை என்று கொள்ளக் கூடாது. எட்டு அக்டோபர், ஒன்பது நவம்பர், ரோமானியப் பத்தான எக்ஸ் டிசம்பர். மேலும், 1752க்கு முன்பு ஆண்டு மார்ச் 25 அன்று தொடங்கியதால், அதற்கு முந்தைய ஏடுகளில் ஜனவரி, பிப்ரவரி மாதத்துப் பதிவுகளை நம் கணக்கில் அடுத்த ஆண்டாகக் கொள்ள வேண்டும்.

கத்தோலிக்கப் பதிவேடு லத்தீனில் இருக்கிறது. லத்தீன் தெரியாமல் படிக்க முடியுமா?

முடியும். இந்தப் பதிவுகளில் புழங்கும் லத்தீன் முப்பது, நாற்பது சொற்களுக்குள் அடங்கிவிடும். பாப்டிசாவி என்றால் திருமுழுக்கு அளித்தேன், ஃபிலியும் மகனை, ஃபிலியாம் மகளை, ஸ்பான்சோரெஸ் ஞானப்பெற்றோர், டெஸ்டிபுஸ் சாட்சிகள், ஏயோடெம் டியே அதே நாளில். குடும்பப்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் பங்குத்தந்தைகள் பொதுவாக லத்தீனாக்கவில்லை.

வேற்றுமை உருபு பழகிய தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. லத்தீனில் பெயரின் ஈறு வேற்றுமைக்கு ஏற்ப மாறும். ஜேம்ஸ் எழுவாயாக வந்தால் யாக்கோபுஸ். ஜேம்ஸைத் திருமுழுக்காட்டினேன் என்றால் யாக்கோபும். ஜேம்ஸின் மகன் என்றால் யாக்கோபி. மூன்றும் ஒரே பெயர். அதனால் ஒரு பதிவில் குழந்தையின் பெயர் ஒருவிதமாகவும் தந்தையின் பெயர் வேறுவிதமாகவும் முடிந்தாலும், இருவரும் ஒரே பெயர் கொண்டவர்களாக இருக்கலாம்.

சில பெயர்கள் மட்டும் நேராகத் திரும்பாது. குலியெல்முஸ் என்பது வில்லியம், ஹெலெனா என்பது எலன். யூஜெனியுஸ் என்று எழுதியிருந்தால் வீட்டில் ஓவன் என்று அழைக்கப்பட்டவராக இருக்கக்கூடும். தாடேயுஸ் பெரும்பாலும் திமதி அல்லது தேடி. டெமெட்ரியுஸ் என்ற அரிய பெயருக்குப் பின்னால் டெர்மட், டார்பி, ஜெரமையா ஆகியோரில் ஒருவர் இருப்பார்.

திருமணப் பதிவில் கான்சாங்குயினிடாட்டிஸ் என்ற நீண்ட சொல்லைக் கண்டால் அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். மணமக்கள் இரத்த உறவினர் என்பதால் திருச்சபை அளித்த விதிவிலக்கு அது. கூடவே வரும் எண் உறவின் படியைச் சொல்லும்: இரண்டாம் படி என்றால் இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டி, மூன்றாம் படி என்றால் பொதுவான கொள்ளுப்பாட்டன் கொள்ளுப்பாட்டி. பதிவேடு தொடங்குவதற்கே முன்பு வாழ்ந்த தலைமுறையைப் பற்றிய செய்தி, வேறெங்கும் கிடைக்காதது, இந்த ஒரு வரியில் கிடைத்துவிடுகிறது. அட்டவணைகள் இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

எங்கள் குடும்பப்பெயரின் எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு பதிவிலும் மாறுகிறது. எது சரியானது?

எதுவும் தவறல்ல. எழுதப் படிக்கத் தெரியாத, அல்லது ஐரிஷ் மொழி மட்டுமே பேசிய ஒருவர் தம் பெயரைச் சொன்னார். எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். பதிவேட்டில் இருப்பது எழுத்தரின் செவி. குடும்பம் ஒரே கூட்டலை நிலையாகப் பிடித்துக்கொண்டது பெரும்பாலும் பிற்கால வழக்கம்.

ஓ, மக் என்ற முன்னொட்டுகள் நீங்கியும் திரும்பியும் வரும்; சல்லிவனும் ஓ'சல்லிவனும் ஒரே வீட்டார். மக் என்பதை எம் எழுத்தும் ஒரு மேற்கோள் குறியுமாகச் சுருக்குவதால் அட்டவணையில் அது மறைந்துபோவதுண்டு. இயற்பெயர்களோ இன்னும் நெகிழ்வானவை. பிரிஜிட் என்ற பெண் ஒரு பதிவில் பிடியாகவும் அமெரிக்கா போனபிறகு டெலியாவாகவும் இருப்பார். ஹோனோரா, நோரா, ஹானா மூன்றும் ஒருவரே ஆகலாம். கார்க், கெர்ரி பகுதிகளில் கோப்னெட் என்று அழைக்கப்பட்டவர் ஆங்கிலப் பதிவில் அபிகேய்ல் ஆகிவிடுவார். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரையும் இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரையும் வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. இது நமக்கும் பழக்கமான முறைதான் என்றாலும், சான்று வேறெதுவும் இல்லாதபோது இதை மட்டும் வைத்து ஒரு தாத்தாவை உருவாக்கிவிடக் கூடாது.

பாதி மட்டுமே படிக்க முடிகிற ஊர்ப்பெயரை எப்படி உறுதி செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் மிக அதிகமாக உழைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான ஜான் மர்ஃபிகள் இருப்பார்கள். எந்த ஜான் மர்ஃபி என்று தீர்மானிப்பது ஊர்ப்பெயர். அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு டவுன்லாண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் அது நகரமல்ல. சில வீடுகளும் வயல்களும் கொண்ட ஒரு பரப்பு. இத்தகையவை நாடு முழுவதும் 60,000க்கும் மேல் உள்ளன. அவற்றின் மேல் சிவில் பாரிஷ், பாரனி, கவுண்டி என்று அடுக்குகள். கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் சிவில் பாரிஷின் எல்லையும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை பெரிதாக இருப்பது கண்டு மலைக்க வேண்டியதில்லை, ஏனெனில் ஒரு குறிப்பிட்ட பங்குக்குள் இருக்கும் டவுன்லாண்டுகளைப் பட்டியலிட்டால் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடும். அந்தப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு, தெளிவாகத் தெரியும் முதலெழுத்து, மேலே நீளும் எழுத்துகள், கீழே இறங்கும் எழுத்துகள், சொல்லின் நீளம் ஆகியவற்றை ஒப்பிட்டால், பொருந்தக்கூடியவை இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். பாலி, நாக், கில், டெரி, குளூன், லிஸ் என்று தொடங்கும் பெயர்கள் ஏராளம் என்பதால் சொல்லின் பின்பாதியே தீர்ப்புச் சொல்லும். 1830களில் ஆர்ட்னன்ஸ் சர்வே நில அளவையாளர்கள் ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தை நிலைப்படுத்தினார்கள். அதற்கு முந்தைய பதிவுகளில் கூட்டல் வேறுபடும். வாய்விட்டு உரக்கப் படித்துப் பார்த்தால் பல பெயர்கள் பிடிபட்டுவிடும். லாகின்ம் என்ற இடப்பெயர்த் தரவுத்தளத்தில் பழைய கூட்டல்களும் தொகுக்கப்பட்டுள்ளன.

ஊர் உறுதியானபிறகு குடும்பப்பெயருக்குத் திரும்புங்கள். கிரிஃபித் மதிப்பீடு என்ற நில மதிப்பீடு 1847 முதல் 1864 வரை அச்சாகி வெளிவந்தது. ஒவ்வொரு டவுன்லாண்டிலும் நிலமோ வீடோ வைத்திருந்தவர் யார் என்று அது சொல்லும். நீங்கள் படித்த பெயர் அந்த ஊரில் இருக்கிறதா என்று அச்செழுத்திலேயே சரிபார்க்கலாம்.

1901இல் 55 வயது என்றவர் 1911இல் 70 என்கிறார். எண்ணைத் தவறாகப் படித்துவிட்டேனா?

சரியாகவே படித்திருப்பீர்கள். 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டப்படி 70 வயதானவர்களுக்கு 1909 ஜனவரி முதல் உதவித்தொகை கிடைத்தது. 1864க்கு முன் அரசுப் பிறப்புப் பதிவு இல்லாத நாட்டில் பலருக்குத் தம் வயது துல்லியமாகத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் கூட்டிச் சொல்லக் காரணம் இருந்தது. இதில் நமக்கு ஓர் ஆதாயம் உண்டு. வயதுக்குச் சான்று தேடி, அப்போது அழியாமல் இருந்த 1841, 1851 கணக்கெடுப்புகளை அதிகாரிகள் புரட்டி எழுதிய தேடல் படிவங்கள் இன்றும் இருக்கின்றன. எரிந்துபோன ஏட்டின் சில வரிகள் அப்படித் தப்பியிருக்கின்றன.

இதேபோல், திருமுழுக்கு நாள் பிறந்த நாளுக்கு முந்தியதாக இருந்தாலும் அதிர்ச்சியடைய வேண்டாம். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பெற்றோர் அரசுப் பதிவில் பிறந்த நாளைத் தள்ளிச் சொல்வதுண்டு. தேவாலயத் தேதியே நம்பகமானது.

1911 படிவம் ஒன்று முற்றிலும் அறிமுகமற்ற எழுத்தில் இருக்கிறதே?

அது ஐரிஷ் மொழியின் மரபு எழுத்துவடிவம். மொழி மறுமலர்ச்சி இயக்கத்தில் ஈடுபாடு கொண்ட குடும்பங்கள் சில, படிவத்தை வேண்டுமென்றே ஐரிஷில் நிரப்பின. 1901இல் ஆங்கிலப் பெயரில் இருந்த அதே வீட்டை, முகவரியையும் வயதுகளையும் வைத்து ஒப்பிட்டுக் கண்டறியலாம்.

நில ஏடுகளில் பல நிற மைகளில் அடித்துத் திருத்தியிருப்பதன் பொருள் என்ன?

கிரிஃபித் மதிப்பீட்டுக்குப் பிறகு, நிலம் கைமாறியபோதெல்லாம் அலுவலர்கள் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதினார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வேறு நிற மை பயன்பட்டது. அதே நிறத்தில் ஓரத்தில் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே இந்த ஏடுகளைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்ப்பதால் பெரிய பயனில்லை. அடிக்கப்பட்ட பெயர் தந்தையுடையதும் மேலே எழுதிய பெயர் மகனுடையதுமாக இருந்தால், அந்த ஆண்டையொட்டி இறப்புப் பதிவில் தேடலாம். குடும்பம் கப்பலேறியதும் இப்படித் தெரியவரும். வட அயர்லாந்துக்கு உரியவை பெல்ஃபாஸ்டின் பொது ஆவணக் காப்பகத் தளத்தில் உள்ளன. 1823க்கும் 1837க்கும் இடைப்பட்ட தசமபாக (தேவாலயத்துக்குச் செலுத்திய வரி) ஏடுகளில் வரும் ஏக்கர் பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர், அதாவது வழக்கமான ஏக்கரைப்போல் 1.62 மடங்கு. இது தெரியாவிட்டால் குடும்ப நிலம் பின்னாளில் பெருகிவிட்டதாக எண்ணத் தோன்றும்.

சென்னையில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்றின் ஐரிஷ் வேரைத் தேடுகிறேன். எங்கே தொடங்குவது?

மதராஸ் பதிவுகளிலேயே தொடங்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஐரிஷ்காரர்கள் ஏராளமாக இருந்தார்கள். கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவே பின்னர் 102ஆவது படைப்பிரிவாகி, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியனானது. மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் உள்ளன. அவை நகல்கள் என்பதால், எழுத்தர் பார்த்து எழுதும்போது நேர்ந்த பிழைகளும் அவற்றில் இருக்கும்.

இந்தப் பதிவுகள் வீரர் அயர்லாந்தில் எந்த ஊர்க்காரர் என்று அரிதாகவே சொல்கின்றன. அதற்குப் படைச்சேர்ப்பு ஆவணங்களைப் பார்க்க வேண்டும். கம்பெனி வீரர்களுக்கு அதே தொகுப்பில் உள்ள சேர்ப்புப் பதிவேடுகளும், அரசுப் படையினருக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வு ஆவணங்களும் பங்கு, அருகிலுள்ள நகரம், கவுண்டி, செய்த தொழில் ஆகியவற்றைக் குறிப்பிடும். ஒருவர் தம் உச்சரிப்பில் சொன்ன பங்கின் பெயரை முன்பின் அறியாத எழுத்தர் எழுதியது இது. ஆகவே மேலே சொன்ன டவுன்லாண்ட் முறையைப் பங்குப் பெயர்களுக்கும் கையாள வேண்டியிருக்கும்.

கணினியே கையெழுத்தைப் படித்துவிடாதா?

ஓரளவு படிக்கும். 1922இல் அழிந்த காப்பகத்தை, பிற இடங்களில் இருக்கும் நகல்களைக் கொண்டு மெய்நிகராக மீட்டெடுக்கும் திட்டம் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் தலைமையில் 2022 ஜூனில் இணையத்துக்கு வந்தது. அதில் டிரான்ஸ்கிரைபஸ் என்ற கையெழுத்து உணர் மென்பொருள் பயன்படுத்தப்பட்டுள்ளது. ஒரே எழுத்தரின் நீண்ட உரைநடை இத்தகைய மென்பொருளுக்கு எளிது. பெயரும் ஊரும் சுருக்கமும் மட்டுமே கொண்ட பங்குப் பதிவேடுதான் கடினம், ஏனெனில் சுற்றியுள்ள வாக்கியத்தை வைத்துச் சொல்லை ஊகிக்க அங்கே வழியில்லை. தடுமாறும் இடத்தில் அது தயங்காமல் ஏதோ ஒரு பெயரை எழுதிவிடுவதால், முதல் வரைவாக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு முயன்றும் படிக்க முடியாத சொல்லை எப்படிக் குறித்து வைப்பது?

இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். கூட்டலைத் திருத்த வேண்டாம், சுருக்கத்தை விரித்தால் விரித்த பகுதியைச் சதுர அடைப்பில் இடுங்கள். ஐயமான எழுத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறியும், முற்றிலும் புரியாத எழுத்துகளுக்குத் தோராயமாக அத்தனை புள்ளிகளும் போதும். இரண்டு வாசிப்புகள் சாத்தியமானால் இரண்டையும் எழுதி, எது பொருத்தமானது என்று நினைக்கிறீர்கள், ஏன் என்று ஒரு வரி சேருங்கள். பதிவேட்டின் பெயர், பக்கம், படத்தின் எண், பார்த்த தேதி ஆகியவை அந்தக் குறிப்பிலேயே இருக்க வேண்டும். படத்தின் ஒளிமாறுபாட்டைக் கூட்டியும் நிறத்தைத் தலைகீழாக்கியும் பார்த்தபிறகும் பிடிபடாவிட்டால், சில நாள் விட்டுவிட்டு, அதே எழுத்தரின் வேறு பக்கங்களைப் படித்தபின் அந்தச் சொல்லுக்குத் திரும்புங்கள்.